போர் முடியும்வரை காத்திராதவர்

பாரிஸ் நகரில் மொந்தேய்ன் என்ற பெயரில் ஓர் அகன்ற வீதி இருக்கிறது. மிக விலையுயர்ந்த உடுப்புக் கடைகள் வரிசையாக நிற்கும் வீதி அது. எம்மவரில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு வீதியின் பெயராக மட்டுமே தெரியும். சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு எதிரே அந்தப் பெயருக்குரியவரின் சிலை உட்கார்ந்திருக்கிறது. பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் அதிர்ஷ்டம் வேண்டித் தடவித் தடவி, அதன் ஒரு சப்பாத்து மட்டும் பளபளவென்று மினுங்குகிறது. பிரான்சில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு இவரைப் பள்ளிக்கூடத்தில் தெரியும். பெற்றோராகிய எமக்குத்தான் தெரியாது.

வணிகம் படித்து, கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் ஒரு பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எம்மை இவரிடம் இழுத்துக்கொண்டு போனவை நான்கு ஆண்டு எண்கள்தான். மொந்தேய்ன் பிறந்தது 1533இல். இறந்தது 1592இல். பிரான்சின் மதப்போர்கள் தொடங்கியது 1562இல். அவை ஒரு முடிவுக்கு வந்தது 1598இல். அதாவது தமது 29ஆவது வயதிலிருந்து சாகும்வரை, முழுதாக 30 ஆண்டுகள், இவர் உள்நாட்டுப் போருக்குள்ளேயே வாழ்ந்தார். போர் முடிந்ததை இவர் காணவில்லை. போர் முடியட்டும், பிறகு வாழலாம் என்று இருந்திருந்தால் இவர் வாழாமலேயே போயிருப்பார்.

இந்தக் கணக்கு எமக்கு நன்கு விளங்கும். ஆகவேதான் இவரது வாழ்க்கையை இங்கே எழுதுகிறோம்.

வணிகரின் பூட்டப்பிள்ளை

மிஷேல் து மொந்தேய்ன் பிரான்சின் தென்மேற்கே, போர்தோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ள குடும்ப மாளிகையில் பிறந்தார். குடும்பத்தின் பழைய பெயர் எய்க்கெம். பூட்டனார் ரமோன் எய்க்கெம் போர்தோவில் வைனும் உப்புமீனும் சாயப்பொருளும் விற்றுப் பணம் சேர்த்தவர். மொந்தேய்ன் என்ற காணியை அவர் 1477இல் வாங்கினார். காணியின் பெயரே பின்னாளில் குடும்பப் பெயராயிற்று. தாயாரின் முன்னோர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். அங்கே யூதராக இருந்து, கட்டாயத்தின் பேரில் மதம் மாறியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். இடம்பெயர்ந்தோரின் இரத்தம் இவருக்குள்ளும் ஓடியிருக்கிறது.

தகப்பனார் பியேர் வித்தியாசமான மனிதர். பிறந்த குழந்தையை ஓர் ஏழைக் கிராமத்துக் குடும்பத்திடம் வளரக் கொடுத்தார். ஏழைகளோடு ஒட்டுதல் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். பிள்ளை திரும்பி வந்ததும் இலத்தீன் மட்டுமே பேசும் ஆசிரியரை அமர்த்தினார். வேலைக்காரர் உட்பட வீட்டில் எல்லோரும் பிள்ளையோடு இலத்தீனில்தான் பேசவேண்டும். காலையில் பிள்ளையைத் திடுக்கிட எழுப்பக் கூடாது என்று இசைக்கருவி வாசித்து எழுப்பச் செய்தார்.

தகப்பனாரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வீட்டில் இரண்டு புத்தகங்கள் எழுதப்பட்டன. ஒன்று காசு வரவு செலவு. மற்றதில் வீட்டின் அன்றாட நடப்பு: யார் வந்தார், எத்தனை நாள் தங்கினார், எந்த வேலை தொடங்கியது, எது முடிந்தது, கல்யாணம், சாவு, நல்ல செய்தி, கெட்ட செய்தி. நாட்போக்கில் ஞாபகம் மங்கும்போது எடுத்துப் பார்க்க மிகவும் சுவையான புத்தகம் அது என்றும், தாம் அதைத் தொடராமல் விட்டது மடத்தனம் என்றும் மகன் பின்னாளில் எழுதினார். இந்த இரண்டாவது புத்தகத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கடுக்காக வந்த சாவுகள்

சட்டத்துறைக்குள் சென்ற மொந்தேய்ன் 1557இல் போர்தோ உயர்நீதிமன்றத்தில் பதவி ஏற்றார். அங்கே எத்தியேன் து லா பொயெத்தி என்ற சக நீதிமன்ற உறுப்பினரைச் சந்தித்தார். இருவரும் நகமும் சதையுமாக ஆனார்கள். 1563 ஓகஸ்டில் லா பொயெத்தி நோயுற்று 32 வயதில் இறந்தார். தொற்றும் நோய் என்று அஞ்சாமல் மொந்தேய்ன் கடைசிவரை பக்கத்தில் இருந்தார். அந்த நட்புப் போனபின் தாம் பாதி ஆளாகவே வாழ்ந்ததாக அவர் உணர்ந்தார்.

1568இல் தகப்பனார் இறந்தார். கல்லடைப்பு நோய் பல ஆண்டுகள் வாட்டிக் கொண்டுபோனது. தம்பி அர்னோவுக்கு வயது 23. படைத்தலைவர், திடகாத்திரமானவர். பந்து விளையாடும்போது ஒரு பந்து வலது காதுக்குச் சற்று மேலே பட்டது. காயமும் இல்லை, கண்டலும் இல்லை. உட்காரக்கூட இல்லாமல் விளையாட்டைத் தொடர்ந்தவர் ஐந்தாறு மணித்தியாலத்தில் இறந்துபோனார். 1570இல் மொந்தேய்னின் முதற்குழந்தை பிறந்து இரண்டு மாதத்தில் இறந்தது.

இதே காலப்பகுதியில் அவரும் சாவின் வாசல்வரை போய் வந்தார். வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது, அவருடைய ஆட்களில் ஒருவர் பெரிய குதிரையை வேகமாக ஓட்டிவந்து மோதிவிட்டார். மொந்தேய்ன் பத்துப் பன்னிரண்டு காலடி தூரத்துக்கு அப்பால் தூக்கியெறியப்பட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அவரைப் பிணம் என்றே எண்ணித் தூக்கிவந்தார்கள். வழியில் வாளிக்கணக்கில் இரத்தம் கக்கினார். உடுப்பைப் பிய்த்துக்கொண்டு துடித்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். உள்ளே அவர் கண்டதோ வேறு. உயிர் உதட்டு நுனியில் தொங்குவதுபோலவும், நித்திரை வரும்போது தளர்வதுபோலவும் இதமாக இருந்ததாம். மனைவி பதறித் தடுக்கித் தடுக்கி ஓடிவருவதைக் கண்டு, அவருக்கு ஒரு குதிரை கொடுங்கள் என்று கட்டளையும் இட்டிருக்கிறார். சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை. வலி பிறகுதான் வந்தது, உயிர் திரும்பி வந்தபோது.

வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியும் சாவு வேறு, உள்ளே இருப்பவர் அனுபவிக்கும் சாவு வேறாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்று அவருக்குள் விழுந்தது. அது வளர்ந்து காய்க்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

கோபுரத்து அறை

1570இல் நீதிமன்றப் பதவியைக் கைமாற்றிக் கொடுத்தார். 1571 பெப்ரவரி 28, தமது 38ஆவது பிறந்தநாளில், இனி எஞ்சிய வாழ்வை அமைதியாகக் கழிக்கப் போவதாகச் சுவரில் இலத்தீனில் எழுதிவைத்தார். மாளிகையின் ஒரு மூலையில் வட்டக் கோபுரம். கீழே சிற்றாலயம், நடுவில் படுக்கையறை, மேலே நூலகம். ஏறக்குறைய ஆயிரம் புத்தகங்கள். கூரை உத்திரங்களில் கிரேக்க, இலத்தீன் வாசகங்கள் எழுதப்பட்டன. மாளிகை 1885இல் எரிந்துபோனது. கோபுரம் மட்டும் தப்பி இன்றும் நிற்கிறது.

அங்கே இருந்து எழுதத் தொடங்கியவற்றுக்கு அவர் வைத்த பெயருக்கு முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்று பொருள். இன்று நாம் கட்டுரை என்று சொல்லும் வடிவத்தின் ஐரோப்பிய வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆரம்பத்தில் அவர் சாவைச் சமாளிக்க முயன்ற விதம், எப்போதும் அதையே நினைப்பது. குதிரை இடறினால் சாவை நினை, ஓடு விழுந்தால் சாவை நினை, விருந்தின் நடுவிலும் நினை. எகிப்தியர் விருந்தில் எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து காட்டும் வழக்கம் அவருக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், நல்ல உடல்நலத்தோடு இருந்தபோதே, தாம் இறந்தால் செய்யவேண்டிய ஒரு காரியத்தைக் குறித்துவைத்தார். வீடு போய்ச் சேர்வது நிச்சயமில்லை என்பது காரணம்.

எம்மவருக்கு இந்த மனநிலையைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. பதுங்குகுழிக்குள் இருந்தவர்களும், நடுச்சாமத்தில் தொலைபேசி அடித்தால் ஊரிலிருந்து யாருடைய செய்தியோ என்று நெஞ்சிடித்தவர்களும் அதற்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தோம். ஆனால் அந்தக் காலத்திலேயே மொந்தேய்னுக்குள் இன்னொரு குரலும் இருந்தது. தோட்டத்தில் கோவா நட்டுக்கொண்டிருக்கும்போது, நட்டு முடியாத பாத்தியைப் பற்றியும் கவலைப்படாமல் இருக்கும்போது சாவு வந்து தம்மைக் கூட்டிச் செல்லட்டும் என்று விரும்பினார்.

அவருடைய கணக்குகள்

மொந்தேய்னுக்கு ஆறு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். லெயொனோர் ஒருத்தி மட்டுமே வளர்ந்தாள். ஐந்து குழந்தைகள் கைக்குழந்தைகளாகவே இறந்தன. ஆனால் தமது நூலில், இரண்டோ மூன்றோ குழந்தைகளை இழந்ததாகவும் பெரிய துயரம் இருக்கவில்லை என்றும் எழுதினார். இதை வாசித்து அவரைக் கல்நெஞ்சர் என்று திட்டியவர்கள் உண்டு. எமக்கும் முதலில் கோபம் வந்தது.

கணக்காளருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தொகை சந்தேகமாக இருந்தால் மற்றப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்போம். மொந்தேய்னிடம் அச்சிட்ட ஒரு நாட்குறிப்பேடு இருந்தது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். குடும்பத்தின் பிறப்பு இறப்புகளை அதில் தம் கையால் எழுதிவந்தார். இரண்டோ மூன்றோ என்று நூலில் எழுதிய அதே கை, குழந்தைகளின் பிறப்பையும் அவை எவ்வளவு காலம் உயிரோடு இருந்தன என்பதையும் இதில் குறித்திருக்கிறது. ஒன்று இரண்டு மாதம், ஒன்று ஏழு வாரம், ஒன்று மூன்று மாதம், ஒன்று ஒரு மாதம், ஒன்று சில நாள். துயரம் இல்லாதவர் இப்படிக் கணக்கு வைப்பாரா என்று வாசகர்களே சொல்லுங்கள்.

காசு விடயத்திலும் அவர் சொன்னது கேட்கத்தக்கது. தமக்குக் காசு எண்ணவே வராது என்று சொல்லிக்கொண்ட மனிதர், தம் பண வாழ்க்கையை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதற்கட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நிலையான வருமானம் இல்லை. கடன் வாங்கிச் செலவழித்தார், சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தார். அப்போது சந்தோஷமாக இருந்தார். இரண்டாம் கட்டத்தில் கையில் பணம் சேர்ந்தது. பணத்தோடு பயமும் சேர்ந்தது. இருப்பதை மறைத்துப் பொய் சொன்னார். பயணம் போனால் கொண்டுபோவது போதாது என்று பயம், கூடக் கொண்டுபோனால் கள்ளர் பயம், பணப்பெட்டி கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டால் நிம்மதி இல்லை. எடுத்துச் செலவழிக்கவோ மனம் வரவில்லை. பிறகு பெருஞ்செலவான ஒரு பயணத்தின் இன்பம் அந்தப் பித்தைத் தெளியவைத்தது. மூன்றாம் கட்டத்தில் வரவும் செலவும் பக்கம் பக்கமாக ஓடின. இன்றைய தேவைக்கு இருந்தால் போதும் என்று நாளுக்கு நாள் வாழ்ந்தார்.

நாம் தொழில்முறையில் இதை முழுதாகச் சிபாரிசு செய்யமாட்டோம். அவருக்கு நிலபுலம் இருந்தது, வேலைக்காரர் இருந்தார்கள். வெறுங்கையோடு வந்திறங்கிய எமக்குச் சேமிப்புத்தான் பாதுகாப்பு. ஆனால் இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிட்டவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ஒரே மாதத்தில் அழுகையும் ஆட்டமும்

45 வயதளவில் தகப்பனாரின் கல்லடைப்பு மகனுக்கும் வந்தது. அவர் மிகப் பயந்திருந்த நோய் அது. வந்தபிறகு, பயந்த அளவுக்கு இல்லை என்று கண்டார். வலியோடு எட்டு, பத்து மணித்தியாலம் குதிரையில் போனார். கல் இறங்கியபின் வரும் சுகம், வெளிச்சம் திடீரென்று வந்ததுபோல இருக்கும் என்று கண்டார். நோய் விட்டுவைத்த நேரங்களை அவர் முன்னைவிட ஆசையோடு அனுபவித்தார்.

1580இல் நூலின் முதல் இரண்டு பாகங்கள் போர்தோவில் வெளியாயின. அதே ஆண்டு கோடையில் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். சுவிஸ், ஜேர்மன், ஒஸ்திரிய நிலப்பகுதிகள் வழியாக இத்தாலிக்குப் போய், 17 மாதம் கழித்து 1581 நவம்பர் இறுதியில் திரும்பினார். அந்தந்த ஊரில் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டையே கேட்டுச் சாப்பிட்டார். தெரிந்த வழியைவிடத் தெரியாத வழியை விரும்பினார். கூட வந்தவர்கள் முறைப்பட்டார்கள். பயணக் குறிப்பேடு அவர் இறந்து ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின் மாளிகையில் ஒரு பழைய பெட்டிக்குள் கிடைத்தது. எத்தனை கோப்பை நீர் குடித்தார், எந்த அளவில் கல் இறங்கியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது.

அந்தக் குறிப்பேட்டில் எம்மை நிறுத்திவைத்த பகுதி 1581 மே மாதம். லூக்கா நகருக்கு அருகிலுள்ள வெந்நீரூற்றுக் கிராமத்தில் தங்கியிருக்கிறார். ஒரு நாள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது லா பொயெத்தியின் நினைவு வந்துவிடுகிறது. நண்பர் இறந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. நெடுநேரம் அந்த நினைவில் மூழ்கி, உடம்புக்கே துன்பமாகிவிட்டது. அதே மாதம், அதே கிராமத்தில், ஊர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் அவர் ஓர் ஆட்ட விழா வைக்கிறார். பரிசுப் பொருட்களை லூக்காவிலிருந்து தருவிக்கிறார். எழுத்து வாசனை அறியாத, ஆனால் கவி கட்டக்கூடிய ஓர் ஏழைக் குடியானவப் பெண்ணைத் தம் மேசையில் உட்கார்த்திச் சாப்பிட வைக்கிறார். அழுகையும் ஆட்டமும் ஒரே குறிப்பேட்டில், சில பக்க இடைவெளியில் கிடக்கின்றன. ஒன்று மற்றதை அவமதிக்கவில்லை.

திறந்த கதவு

இத்தாலியில் இருக்கும்போதே, போர்தோவின் நகர முதல்வராகத் தெரிவுசெய்யப்பட்ட செய்தி வந்தது. விருப்பம் இல்லை. அரசரின் கட்டளையால் ஏற்று, இரண்டு தவணை, 1585வரை இருந்தார். கத்தோலிக்கராக இருந்தும் புரட்டஸ்தாந்தத் தலைவர் நவார் ஹென்றியோடு பேசக்கூடியவராக இருந்தார். 1584இல் ஹென்றி பரிவாரத்தோடு அவர் வீட்டுக்கு வந்து அவர் கட்டிலிலேயே படுத்துறங்கினார். இரண்டு பக்கமும் பேசியதால் இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டன.

சுற்றியுள்ள மாளிகைகளெல்லாம் மதிலும் காவலும் வைத்துக்கொண்டபோது, இவர் வீட்டுக்கு ஒரு வாயிற்காவலர் மட்டுமே. ஒருமுறை அயலவர் ஒருவர், எதிரி துரத்துவதாகச் சொல்லி உள்ளே வந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முற்றம் நிறைந்துவிட்டது. வீட்டைப் பிடிக்கும் சூழ்ச்சி என்று தெரிந்தும் மொந்தேய்ன் முகம் மாறாமல் உபசரித்தார். வந்தவர் வெட்கப்பட்டு, எதுவும் செய்யாமல் ஆட்களோடு திரும்பிப்போனார். எத்தனையோ இரவுகளில், யாராவது வந்து கொல்லக்கூடும் என்று எண்ணியபடிதான் படுத்தார். ஆனால் கதவைத் திறந்துவைத்தே முப்பது ஆண்டுப் போரைக் கடந்தார்.

ஆறு மாத அகதி வாழ்வு

1586இல் போர் அவருடைய ஊர் எல்லைக்கே வந்தது. பக்கத்து ஊரான கஸ்தியோன் முற்றுகையிடப்பட்டது. படைகளோடு கொள்ளைநோயும் வந்தது. வயதான தாய், மனைவி, மகள் ஆகியோரைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காவலின்றி விட்டுவிட்டு மொந்தேய்ன் வெளியேறினார். ஆறு மாதம் இடம் இடமாக அலைந்தார்கள். முன்பு விருந்தோம்பலில் பெயர்பெற்ற அவர், இப்போது தம் குடும்பத்துக்கு ஒதுங்க இடம் தேடித் திரிந்தார். நண்பர்கள் பயந்தார்கள். கூட்டத்தில் ஒருவருக்கு விரல் நுனி வலித்தாலும் அந்த இடத்தைவிட்டு எழும்பவேண்டும். வன்னியில் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இடம்பெயர்ந்த எவருக்கும் இந்த ஆறு மாதத்தை விளக்கத் தேவையில்லை.

அப்போது அவர் கண்ட காட்சி அவரை மாற்றியது. திராட்சை பிடுங்க ஆளின்றிக் கொடியிலேயே தொங்கியது. கமக்காரர்கள் சாவு இன்றைக்கோ நாளைக்கோ என்று அறிந்திருந்தார்கள். ஆனால் கூக்குரல் இல்லை. அவர்களுக்கு இருந்த ஒரே கவலை, உடலை மிருகங்கள் இழுக்காமல் அடக்கம் கிடைக்கவேண்டும் என்பது. நடமாடக்கூடியவர்கள் தங்கள் குழியைத் தாங்களே வெட்டினார்கள். மொந்தேய்னின் கூலியாள் ஒருவர், குழிக்குள் படுத்துக்கொண்டு, சாகும் நேரத்தில் கையாலும் காலாலும் மண்ணை இழுத்துத் தம்மை மூடிக்கொண்டார்.

அவர்கள் ஒரு தத்துவ நூலும் படித்தவர்கள் அல்லர். சாவைப் பற்றி ஆயுள் முழுவதும் ஒத்திகை பார்த்தவர்களும் அல்லர். அதற்கு முதல்நாள்வரை வயலில் வேலை செய்தார்கள். ஆயிரம் புத்தகத்தோடு கோபுரத்தில் இருந்து சாவுக்குப் பயிற்சி எடுத்தவருக்கு இது பெரிய அடி. சாகத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அந்த நேரம் வரும்போது இயற்கை அதைச் சரியாகச் செய்து முடிக்கும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். சாவு வாழ்க்கையின் கடைசி ஓரம்தான், அதன் நோக்கம் அன்று என்று கண்டார். எங்கள் கையில் விடப்பட்டிருக்கும் வேலை வாழ்வது ஒன்றே.

இதன்பின் 1588இல் பாரிசில் வெளியான மூன்றாம் பாகத்தில் வேறொரு மொந்தேய்ன் தெரிகிறார். ஆடும்போது ஆட்டத்திலும், நித்திரையில் நித்திரையிலும் முழுதாக இருக்கப் பழகினார். தோட்டத்தில் நடக்கும்போது மனம் வேறெங்கோ போனால் அதைத் திரும்பத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். நித்திரையின் சுகம் தெரியாமல் போகிறதே என்று, இடையில் தம்மை எழுப்பச் சொல்லிவைத்த காலமும் உண்டு. வத்தகை இனப் பழங்களில் கொள்ளை ஆசை. அவசரமாகச் சாப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். காலம் குறைவாக இருப்பதால் அதை ஆழமாகப் பிடிக்கவேண்டும் என்பது அவர் கண்ட கணக்கு.

கடைசி நாட்கள்

அந்த 1588ஆம் ஆண்டும் அமைதியாகப் போகவில்லை. பாரிசுக்குப் போகும் வழியில் காட்டில் கொள்ளையடிக்கப்பட்டார். ஜூலையில் பஸ்தீய் சிறையில் சில மணித்தியாலம் அடைக்கப்பட்டார். அரசரின் தாயார் தலையிட்டு அன்றே விடுவித்தார். வீடு திரும்பியவர் அச்சிட்ட நூலின் ஓரங்களில் மேலும் மேலும் எழுதிச் சேர்த்தார். அந்தப் பிரதி இன்றும் போர்தோவில் பாதுகாக்கப்படுகிறது.

1592 செப்ரெம்பரில் தொண்டை வீங்கிப் பேச்சு நின்றுபோனது. பேச்சையே வாழ்வின் பெரிய இன்பமாகக் கருதியவருக்குக் கடைசி மூன்று நாள் பேச முடியவில்லை. எழுதிக் காட்டி, அயலவரை அழைப்பித்து விடைபெற்றார். அறையில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது, செப்ரெம்பர் 13ஆம் திகதி, 59 வயதில் உயிர் பிரிந்தது. சாவு நெருங்குவதை அறிந்து கட்டிலைவிட்டு எழுந்து, வேலைக்காரர்களுக்குத் தாம் எழுதிவைத்த தொகையைத் தம் கையாலேயே கொடுத்து முடித்தார் என்றும் ஒரு தகவல் உண்டு. வாரிசுகள் இழுத்தடிக்கக்கூடும் என்று முன்கூட்டியே கண்டாராம். கணக்கில் சூரமில்லாதவர் கடைசிக் கணக்கைச் சரியாகத் தீர்த்தார்.

எமக்கு இதில் என்ன?

கணக்கீட்டில் முதலாம் ஆண்டிலேயே படிப்பிக்கும் எடுகோள் ஒன்று உண்டு. வணிகம் முடிவின்றித் தொடர்ந்து இயங்கும் என்று வைத்துக்கொண்டே கணக்கெழுத வேண்டும். வணிகத்துக்கு அது பொருந்தும். மனிதருக்குப் பொருந்தாது. ஆனால் எமது சமூகம் அந்த எடுகோளிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. விசா கிடைக்கட்டும். அண்ணனையும் தங்கச்சியையும் கூப்பிட்டு முடியட்டும். வீட்டுக்கடன் முடியட்டும். பிள்ளை பட்டம் எடுக்கட்டும். ஊர்ப் பிரச்சினை தீரட்டும். பிறகு ஆறுதலாக இருப்போம்.

இறந்தவர்களின் கணக்கை முடித்துக் கொடுப்பதும் எமது தொழிலில் ஒரு பகுதி. இரண்டு வேலை செய்து, ஓய்வூதியம் தொடங்கிய ஆண்டிலேயே போனவர்களின் கோப்புகள் வருகின்றன. வங்கியில் தொட்டுப் பார்க்காத சேமிப்பு இருக்கும். வீட்டில் பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபா இருக்கும். கட்டாத சேலைகள் பெட்டியில் இருக்கும். ஐந்தொகை இரண்டு பக்கமும் சரியாகத்தான் வரும். மனைவி மட்டும், ஒருநாள்கூட எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று சொல்லி அழுவார்.

சந்தோஷப்படக் கூச்சப்படுபவர்களும் உண்டு. 2009 மே மாதத்துக்குப் பின் பல வீடுகளில் பிறந்தநாள் கேக் வெட்டவே மனம் வரவில்லை. அத்தனை பேர் போனபின் சிரிப்பது துரோகம் என்று பட்டது. அந்த வலிக்கு முன்னால் எவரும் புத்தி சொல்ல முடியாது. ஏறத்தாழ 18 ஆண்டு கழித்தும் நண்பரை நினைத்து நொந்துபோன மொந்தேய்ன், அதே மாதத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்கு ஆட்ட விழா வைத்ததை மட்டும் திரும்பச் சொல்கிறோம். போனவர்களுக்குக் கிடைக்காத ஒரு நாள் எமக்குக் கிடைத்திருக்கிறது. அதை வீணாக்குவதால் அவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

தகப்பனார் பியேரின் இரண்டாவது புத்தகத்தை ஞாபகம் வைத்திருப்பீர்கள். காசுக் கணக்கை எம்மவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒழுங்காக வைத்திருக்கிறோம். அதன் பக்கத்தில் இன்னொரு கொப்பி இருக்கட்டும். இன்றைக்கு யார் வந்தார்கள், என்ன சமைத்தோம், எதற்குச் சிரித்தோம், யாருடைய திவசம், அன்று அவரைப் பற்றி என்ன கதைத்தோம் என்று இரவில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லாத நாட்கள் தொடர்ந்து வந்தால், அடுத்த ஞாயிறு வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு ஒரு பூங்காவுக்காவது போய்வாருங்கள். திரும்பி வந்து அதை எழுதுங்கள்.